பெயரில் ஒரு சாய்கோடு

1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டது. விட்ட பின்னரும் வானம் மூட்டமாகவே இருந்தது, காற்று அசையவில்லை, புழுக்கம் மிகுதி.

மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் கத்தியை வைத்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரம் முழுவதும் வழிந்தோடி வீணாகும். ஆதலால் கெமாஸுக்குத் தெற்கே இருந்த சுங்கை கெலாமா தோட்டத்தில் அன்று பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டதோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால்வெட்டு இல்லையென்றால் பால் ஸ்டோரில் நிறுவை இல்லை. நிறுவை இல்லையென்றால், நிறுத்து எழுதும் சின்னக் கிராணியாகிய, அதாவது இளநிலை எழுத்தராகிய, நீலாவதிக்கு அன்று காலை முழுவதும் கை ஓய்வு. மழையை வையாதவர் அன்று அத்தோட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

ஏழரை மணிக்கே அவள் அலுவலகத்தைத் திறந்து, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த கணினியின் முன் அமர்ந்தாள். அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. மணமாகவில்லை. தகப்பனார் வீரமுத்து பால்மரம் வெட்டியவர். காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவளும் இருபது ஆண்டுகள் வெட்டுக்காட்டில் இருந்துவிட்டு, முப்பத்து நான்காம் வயதில் மூன்றாம் படிவத் தேர்வையும் முப்பத்தேழாம் வயதில் ஐந்தாம் படிவத் தேர்வையும் தனியாளாக எழுதித் தேறியவள். அதன் பயனாகவே பால் ஸ்டோரில் பேனா பிடிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. சென்ற ஓராண்டாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தேறி, சிரம்பானை அடுத்த ராசாவில் ஒரு கடையின் மாடியில் நடந்த கணினி வகுப்புக்கும் போய்வந்தாள்.

அந்தக் கணினி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிரம்பானிலிருந்த தலைமை அலுவலகம் தன் ஐந்து தோட்டங்களுக்கும் தலா ஒரு கணினியைத் திங்கட்கிழமை லாரியில் அனுப்பிவைத்தது. ஒவ்வொரு வெட்டாளும் கொண்டுவரும் பாலில் தண்ணீர் போகக் காய்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்பதை இனிமேல் கணினியே கணக்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குரிய நிரலை அந்தந்தத் தோட்டத்தின் மரங்களுக்கு ஏற்றவாறு அங்கேயே திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. எனவே கணினியுடன் நான்கு டிஸ்கெட்டுகளும் மலாய் மொழியில் நான்கு பக்கக் குறிப்பும் வந்தன. டிஸ்கெட்டுகளில் இருந்தது ஒரு கம்பைலர். அதாவது, மனிதர் எழுதும் வரிகளைக் கணினி செய்து காட்டும் செயலாக மாற்றித் தரும் மென்பொருள்.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் கம்பைலரைக் கணினியில் அமைத்து, CUBA, அதாவது முயன்று பார், என்னும் சோதனை நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். தோட்ட நிருவாகி தம் கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் உறுதி சொல்ல வேண்டும். இயலாத தோட்டத்தின் கணினி திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அத்தோட்டத்தின் கணக்கு சிரம்பானிலேயே பார்க்கப்படும். அங்கே சின்னக் கிராணி தேவையில்லை. அந்தக் கடைசி வாசகத்தை நிருவாகி ஹாஷிம் இரண்டு முறை படித்துக் காட்டினார். நீலாவதிக்கு ஒரு முறையே போதுமாயிருந்தது. கணினி போனால் அவள் மீண்டும் கத்தியும் வாளியுமாக வெட்டுக்காட்டுக்குப் போக வேண்டும்.

செய்து முடிப்பதாக அவள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓர் உண்மை அவளுக்கு உறைத்தது. ராசா வகுப்பில் எல்லாக் கணினிகளும் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன; மாணவர்கள் போய் அமர்ந்து பாடத்தை அடித்ததோடு சரி. சமைத்து வைத்த சோற்றை உண்டவளிடம் இப்போது அடுப்பு மூட்டச் சொன்னார்கள்.

படமோ பட்டியலோ அந்தத் திரையில் கிடையாது. கறுப்புத் திரையில் C என்னும் எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் அம்புமுனையும் தோன்றும். அதன்பின் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டே இருக்கும். என்ன வேண்டும் என்று அது கேட்காது. வேண்டியதை நாம்தான் எழுத்துப் பிசகாமல் அடித்துச் சொல்ல வேண்டும். பிசகினால், தவறான கட்டளை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மீண்டும் துடிக்கத் தொடங்கும்.

செவ்வாய், புதன் இரு நாளும் நிறுவை வேலை முடிந்த பின்னர் அவள் இதைச் செய்தாள். முதலில் கணினிக்குள் KERJA என்று ஓர் அறையை உண்டாக்கினாள். கெர்ஜா என்றால் வேலை. நான்கு டிஸ்கெட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, அவற்றிலிருந்த கோப்புகளையெல்லாம் அந்த அறைக்குப் படியெடுத்தாள். டிஸ்கெட்டைச் செருகும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து அரிசி புடைக்கும் ஓசை வந்தது. பிறகு, கணினியை எழுப்பியவுடன் அது தானே படித்துக்கொள்ளும் கோப்பில், கம்பைலர் எந்த அறையில் இருக்கிறது என்னும் வழியைச் சேர்த்தாள். அந்த வழியில் அரைப்புள்ளி இட வேண்டிய இடத்தில் முக்காற்புள்ளி இட்டுவிட்டதனால் புதன்கிழமை மாலை முழுவதும் பாழாயிற்று. வியாழக்கிழமை அதைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். PC என்று அடித்தவுடன் கம்பைலர் தன் பெயரையும் பதிப்பெண்ணையும் காட்டியது. இனி எஞ்சியது குறிப்பின் கடைசி வரி மட்டுமே. PC என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு நிரலின் பெயரையும், மேலும் ஓர் இடைவெளி விட்டு நாமாவையும் அடிக்க வேண்டும் என்றது அவ்வரி.

நாமா என்றால் பெயர். இந்நாட்டில் ஒரு படிவத்தைப் பார்த்தவர் எவருக்கும் அச்சொல்லை அடுத்து வருவது என்னவென்று தெரியும்: அடையாள அட்டையில் உள்ளபடி. மூன்றாம் படிவத் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது நீலாவதி வீரமுத்து என்று மட்டும் எழுதிவிட்டாள். அட்டையில் இருந்ததோ NEELAVATHI A/P VEERAMUTHU. ஏ, சாய்கோடு, பி. இன்னாருடைய மகள் என்று பொருள். அந்த மூன்று குறிகள் விடுபட்டதற்காக அவளது சான்றிதழ் எட்டு மாதம் அலைக்கழிந்தது. சிரம்பானுக்கு ஆறு முறை நடந்து, உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து மீட்டாள். அன்று முதல் பால் மாதிரி எடுக்கும் புட்டியில் ஒட்டும் சீட்டில்கூட அவள் தன் பெயரைக் குறைத்து எழுதியதில்லை.

ஆகவே வியாழக்கிழமை மாலை PC CUBA NEELAVATHI A/P VEERAMUTHU என்று நிறுத்தி நிதானமாக அடித்து, நுழைவு விசையைத் தட்டினாள். கணினி சிறிது நேரம் முனகியது. பின்பு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. PRN என்னும் கருவி தயாராக இல்லை. விட்டுவிடவா, மீண்டும் முயலவா, பொருட்படுத்தாமல் போகவா என்று அது கேட்டது. மீண்டும் முயலச் சொன்னாள். அதே வரி. இன்னொரு முறை. அதே வரி. விட்டுவிடச் சொன்னால் செய்த வேலை ஒன்றும் மிஞ்சவில்லை. குறிப்பின் நான்கு பக்கத்திலும் PRN என்னும் சொல்லே இல்லை. சிரம்பானுக்குத் தொலைபேசியில் கேட்டால், விவரம் தெரிந்த அதிகாரி வேறொரு தோட்டத்திற்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

வழி அமைத்ததில்தான் ஏதோ பிழை என்று அவள் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை காலை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அறையை உண்டாக்கினாள், நான்கு டிஸ்கெட்டுகளைப் படியெடுத்தாள், வழியை எழுதினாள், கணினியை அணைத்து எழுப்பினாள். ஒவ்வொரு படியையும் குறிப்பில் பென்சிலால் கீறிக்கொண்டே வந்தாள். ஒன்பதே கால் மணிக்கு, முழுப் பெயரையும் மீண்டும் அடித்தாள்.

PRN தயாராக இல்லை என்றது கணினி.

அந்நேரத்தில் பெரிய கிராணி கணேசமூர்த்தி வந்து சேர்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகளாகச் செக்ரோல் என்னும் ஆள் கணக்கேடு எழுதியவர். கணினி வந்த நாள் முதலாக அவர் அதை மூலையில் இறக்கிவைத்த பிணத்தைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துவந்தார். வெட்டு இல்லாததால் பொழுது போகாமல், வெற்றிலையை மென்றவாறு ராக்கம்மாவும் பின்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ராக்கம்மா ஏழாம் நம்பர் காட்டில் வெட்டுபவள். நீலாவதியுடன் பத்தாண்டு காலம் பக்கத்து மரநிரையில் வெட்டியவள்.

கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார்.

"பி, ஆர், என். என்னா நீலா இது? பேரன்னு படிக்கிறதா?"

"அதாங் கிராணியாரே தெரியல. அந்தச் சாமான் தயாரா இல்லைங்குது."

"பேரன் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு லா. நீ மகனே பெக்கல, பேரனுக்கு எங்க போவ?"

ராக்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அவர் வீட்டில் மட்டும் பேரன் கொட்டிக் கிடக்கிறானா, இரண்டு மருமகன்களும் கோலாலம்பூருக்கு ஓடினவர்கள்தானே என்று கேட்டாள். நீலாவதிக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. மேசைமேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி, திரை, விசைப்பலகை. இவற்றில் எது PRN, எது தயாராக இல்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. முதுகுப்புறத்து இணைப்புகளைப் பிடுங்கி மீண்டும் செருகினாள். மேலும் இரண்டு முறை முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தாள். மணி பத்தைத் தாண்டியது.

பெரிய துரையாகிய நிருவாகி பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார் என்றும், கணினியை எடுத்துப்போக லாரிக்குச் சொல்லி வைத்தாயிற்றா என்றும் கணேசமூர்த்தி விசாரித்தார். அவருக்கு அவள்மேல் பகையில்லை. தமக்கு வராத ஒன்று தம் கீழுள்ள பெண்பிள்ளைக்கும் வரவில்லை என்பதில் ஒரு நிம்மதி, அவ்வளவே.

"எந்திரி, நான் ஒரு கை பாக்குறேன்," என்றார்.

தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று அவளும் எழுந்தாள். அவள் அடித்த வரியைத் திரையில் பார்த்துக்கொண்டே அவர் இரண்டு விரல்களால் அடித்தார். ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகையில் கோழி தானியம் தேடுவது போலத் தேடித் தேடிக் குத்தினார். ஆனால் பெயர் வரும் இடத்தில் தம் பெயரை அடித்தார். PC CUBA GANESAMURTHY A/L NALLASAMY. ஏ, சாய்கோடு, எல், நல்லசாமியின் மகன்.

நுழைவு விசையைத் தட்டியதும் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. வரிக்கு ஓர் எண்ணாக, CUBA நிரல் முழுவதும் மேலிருந்து கீழாக உருண்டோடியது. கடைசியில் பிழை எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. அதன்பின் அம்புமுனை, துடிக்கும் கோடு. PRN பேச்சே இல்லை.

தேநீர்க் குவளையோடு திரும்பிய நீலாவதி திரையருகே வந்து குனிந்தாள்.

"பாத்தியா," என்றார் கணேசமூர்த்தி. அவருக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "மெஷினுக்கே தெரியுது, ஆம்பள பேரு எது பொம்பள பேரு எதுன்னு. முப்பது வருசம் செக்ரோல் எழுதுன பேரு லா இது."

"தெரியுந்தெரியும்," என்றாள் ராக்கம்மா. "அதுக்கும் ஒரு ஆள மேய்க்கிற மண்டோர் புத்தி இருக்கும் போல."

பதினோரு மணிக்குத் துரை வருவாரல்லவா, வந்தால் இதைக் காட்டலாம் என்றார் கணேசமூர்த்தி. கணினியை இயக்குபவர் பெயரைச் சிரம்பானுக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். எந்தப் பெயரில் ஓடியதோ அந்தப் பெயரைத்தானே அனுப்புவார்கள் என்று, கேட்பவர் எவருமில்லாமலே நியாயமும் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா மெய்யாகவே சொல்கிறாரா என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம். சொல்லிவிட்டு, துரையின் வண்டி வருகிறதா என்று பார்க்க வெளித்தாழ்வாரத்துக்குப் போனார்.

நீலாவதி நாற்காலியில் அமர்ந்தாள். அதே கணினி, அதே அறை, அதே கம்பைலர், அதே நிரல். அவள் அடித்ததற்கும் அவர் அடித்ததற்கும் பெயரைத் தவிர வேற்றுமை இல்லை. அப்படியானால் இத்தனை நேரம் அவள் அமைத்தது முழுவதும் சரியாகவே இருந்திருக்கிறது. அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதல் தரவில்லை, சினத்தையே தந்தது. கணினி ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்குமா? பார்க்காது. அது எழுத்தைத்தான் பார்க்கும். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் ஒரு மாலைப் பொழுதைத் தின்ற கணினி அது.

அவர் பெயரில் கணினி என்ன உண்டாக்கி வைத்திருக்கிறது என்று பார்க்க விரும்பினாள். KERJA அறையில் அறுபதுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தன. DIR என்று மட்டும் அடித்தால் பட்டியல் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடிவிடும். பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டச் செய்யும் முறையை வகுப்பில் முதல் மாதமே கற்றிருந்தாள். டி, ஐ, ஆர், சாய்கோடு, பி.

பி விசையின் மேல் விரல் இருந்தபடியே இருந்தது.

ஓராண்டாக அவள் நூறு முறையேனும் அதை அடித்திருப்பாள். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்து பெயரில் சேராது, அது கட்டளை. இப்படிச் செய், அப்படிச் செய் என்று கணினிக்குப் பிறப்பிக்கும் உத்தரவு. DIR என்பதன் பின்னால் வந்தால் பி என்பதற்குப் பக்கத்தில் நிறுத்து என்று பொருள். கம்பைலரின் பின்னால் வந்தால் அதற்கு வேறு பொருள் இருக்கக்கூடும். எல் என்பதற்கு வரிகளைத் திரையில் காட்டு என்று பொருள் என்பதைக் கணேசமூர்த்தியின் பெயர் சற்றுமுன் காட்டிவிட்டது. பி என்றால் அதே வரிகளை வேறெங்கோ அனுப்பு என்று இருக்க வேண்டும். எங்கே?

ராசா வகுப்பில் சுவரோரமாக ஒரு கருவி இருந்தது. பாடம் முடிந்தால் தாளில் எழுத்தை அடித்துத் தள்ளும். பிரிண்டர். PRN.

தோட்ட அலுவலகத்தில் பிரிண்டர் இல்லை. இல்லாத பிரிண்டருக்கு அச்சடிக்கும்படி, தகப்பனார் பெயருக்கு முன்னால் நின்ற சாய்கோட்டினால், அவளே வியாழக்கிழமையிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வுத்தரவைக் கணினி அட்டியின்றி ஏற்று, வராத கருவிக்காகக் காத்திருந்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று அவள் துள்ளிக் குதிக்கவில்லை. நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று என்பது அவள் அறிந்ததே. சோதித்துப் பார்க்க வேண்டும். தன் பெயரையே மீண்டும் அடித்தாள். ஆனால் பி என்பதற்குப் பதில் எல் என்று அடித்தாள்.

NEELAVATHI A/L VEERAMUTHU. வரிகள் திரையில் உருண்டோடின. பிழை எதுவும் இல்லை என்றது கணினி.

"என்னாடி செஞ்ச?" என்று ராக்கம்மா எழுந்து வந்தாள். நீலாவதி திரையைச் சுட்டிக்காட்டி, தன்னை வீரமுத்துவின் மகன் என்று எழுதியதாகவும் அது ஒப்புக்கொண்டதாகவும் சொன்னாள்.

ராக்கம்மா திரையருகே குனிந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "ஒங்கப்பன் ஆறு பொட்டப் புள்ளைங்களப் பெத்துட்டுக் கடைசி வரைக்கும் கோயில் கோயிலா நேந்துக்கிட்டுத் திரிஞ்சாரு," என்றாள். "இந்தப் பொட்டிய அப்பவே வாங்கியாந்திருந்தா ஒரு தட்டுல மகன் பொறந்திருப்பான்."

நீலாவதி சிரித்தாள். மூன்று நாளில் அதுவே முதற்சிரிப்பு.

கோப்புகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாக வரவழைத்துப் பார்த்தாள்; இனிச் செய்ய வேண்டியது ஒன்றே. குறிப்பில் இருந்த நாமா அவளுடைய பெயரே அன்று. உண்டாகப்போகும் செயலுக்கு இட வேண்டிய ஒரு பெயர். எட்டெழுத்துக்கு மேல் அது கொள்ளாது என்பதைப் பட்டியலிலிருந்த GANESAMU, NEELAVAT என்னும் அரைகுறைப் பெயர்களே அவளுக்குச் சொல்லின. அவை இரண்டையும் அழித்தாள். ஒரு கணம் யோசித்தாள். என்ன பெயர் வேண்டுமானாலும் இட்டிருக்கலாம். மரம் என்றோ பால் என்றோ இட்டிருக்கலாம். NEELA என்று இட்டாள். தகப்பனார் பெயர் இல்லை, சாய்கோடு இல்லை, மகள் என்பது இல்லை. எழுத்தில் அவள் தன் பெயரை அவ்வாறு நிறுத்தியது அதுவே முதல் தடவை.

ஒரு முனகல், உடனே அம்புமுனை. வேண்டாத வரி ஒன்றுகூட வரவில்லை. NEELA என்று அடித்தாள். SELAMAT PAGI என்று காலை வணக்கம் சொல்லிவிட்டு, பால் எத்தனை கிலோ என்று கேட்டது நிரல். இருபத்து நான்கு என்றாள். நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்றது. முப்பத்தைந்து என்றாள். 8.4 என்று விடை வந்தது. தாளில் பெருக்கிப் பார்த்தாள். எட்டுப் புள்ளி நான்கு சரிதான்.

நிருவாகி ஹாஷிம் பதினொன்றே காலுக்கு வந்தார். அவரைப் படியிலேயே எதிர்கொண்ட கணேசமூர்த்தி, கணினி ஓடிவிட்டது என்றும், தம் பெயரை அடித்தவுடன் ஓடியது என்றும் மலாயில் அறிவித்தார். நிருவாகி மகிழ்ந்தார். ஆனால் அவர் எதையும் கண்ணால் பார்த்தே கையொப்பமிடுபவர். கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, எழுப்பி, முதலிலிருந்து செய்து காட்டும்படி கணேசமூர்த்தியிடம் கேட்டுக்கொண்டார்.

கணேசமூர்த்தி நாற்காலியில் அமர்ந்தார். கணினியை அணைக்கும் விசை எங்கே இருக்கிறது என்று வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பின்னால் என்று நீலாவதி தாழ்ந்த குரலில் சொன்னாள். அணைத்தார்; எழுப்பினார். அம்புமுனை வந்தது, கோடு துடித்தது. முன்பு அவர் பார்த்து எழுதிய வரி இப்போது திரையில் இல்லை. இரண்டு விரல்களும் விசைப்பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றன. மணி பதினொன்று இருபத்தைந்து.

நீலாவதி நினைத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் அவரை அப்படியே விட்டுவைத்திருக்கலாம். ராக்கம்மாவின் முகம் அதைத்தான் வேண்டியது. ஆனால் பன்னிரண்டு மணிக் கெடு அவளுடையதாகவும் இருந்தது.

"நவுருங்க கிராணியாரே," என்றாள். "இது என் வேல."

அவர் நகர்ந்தார். அவள் அமர்ந்து முதலிலிருந்து செய்து காட்டினாள். அறைக்குள் நுழைந்தாள், கம்பைலரை அழைத்தாள், NEELA என்று பெயரிட்டாள், ஓட்டினாள். நிருவாகி தம் சட்டைப்பையிலிருந்த கணிப்பானை எடுத்து, தமக்குத் தோன்றிய மூன்று கணக்குகளைக் கேட்டார், மூன்றும் பொருந்தின. காலை வணக்கம் என்று வருவதைப் பிற்பகலில் மாற்ற முடியுமா என்று கேட்டார். அவள் நிரலைத் திறந்து ஒரு சொல்லை மாற்றி, மீண்டும் கம்பைலர் செய்து காட்டினாள். அப்போதுதான் அவர் முன்னால் குனிந்து பார்த்தார். ஓடுவது பெரிதன்று, ஓடுவதைத் திருத்த ஆள் இருப்பதே பெரிது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

முழுப் பெயரை ஏன் இடவில்லை என்று அவர் கேட்டதற்கு, நடந்ததை அவள் மலாயில் சொன்னாள். அவர், தம் பெயரில் மகன் என்பதற்கு BIN என்றுதான் இருக்கிறது, மலாய்க்காரர் எவர் பெயரிலும் சாய்கோடு இல்லை, சீனர் பெயரிலும் இல்லை என்றார். தலைமை அலுவலகத்தில் குறிப்பு எழுதியவர் சீனர். இப்படி ஓர் இடர் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மற்ற நான்கு தோட்டங்களிலும் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று நீலாவதி கேட்டாள். எல்லாரும் தமிழர்களே என்றார் நிருவாகி. சொல்லிவிட்டுத் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சிரம்பானுக்குத் தொடர்பு கிடைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. நிருவாகி நின்றுகொண்டே பேசினார். சுங்கை கெலாமாவில் நிரல் ஓடியது, தாமே பார்த்தது, கணினியை எடுக்க லாரி அனுப்ப வேண்டாம், சின்னக் கிராணி இங்கேயே இருப்பார் என்றார். இயக்குபவரின் பெயரைக் கேட்டார்கள். அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு நீலாவதியைப் பார்த்தார். அவள் கணேசமூர்த்தியைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடி என்றாள். அவர் அதை எழுத்தெழுத்தாகச் சொன்னார். சாய்கோட்டையும் விடாமல் சொன்னார்.

பின்பு அவராகவே ஒன்று சேர்த்துச் சொன்னார். மற்றத் தோட்டங்களில் PRN தயாராக இல்லை என்று எவரேனும் முறையிட்டால், லாரியை அனுப்பும் முன் இந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பெரிய கிராணியை அல்ல, நீலாவதியைக் கூப்பிடச் சொல்லுங்கள். மறுமுனையில் இருந்தவர், அப்படி முறையிட்டவர்கள் காலையிலிருந்தே இரண்டு பேர் என்றார், எண்ணைக் குறித்துக்கொண்டார். நிருவாகி தொலைபேசியை வைத்தபோது மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.